நான்காவது கொக்கி

தெற்கு முகாம்,
08.01.2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி? உன் இருமல் எப்படி? முதலில் இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

பஸ் கினிகத்தேனையில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டது. டயர். ஜாக்கை எங்கே வைப்பது என்று டிரைவரும் கண்டக்டரும் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி வைத்துக் காட்டினேன். "தம்பி மெக்கானிக்கா?" என்று கேட்டார் டிரைவர். "இல்லங்க, அவசரம்" என்றேன்.

போனில் பேசினால் நான் பாதியில் வெட்டிவிடுகிறேன், நீ அழுகிறாய், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று கிறிஸ்மஸ் அன்றைக்கு அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாங்க. சரி. கடிதத்தை வெட்ட முடியாது. ஆனால் எனக்கு நீட்டி எழுத வராது. வந்ததை வைத்துக்கொள்.

கிளம்புகிற அன்று நீ கேட்டாய், "ஆகாயத்துல இருந்து ஆளத் தள்ளிவிடுற கம்பெனியில நீ என்னாடா செய்ற?" என்று. நாங்கள் தள்ளுவதில்லை. ஒரு பாராசூட்டில் இரண்டு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். பின்னால் பயிற்றுநர். பாராசூட் அவர் முதுகில். முன்னால் பயணி. பயணியிடம் பாராசூட் கிடையாது. உடம்பைச் சுற்றிப் பட்டிகள் மட்டும். அந்தப் பட்டிகளைப் பயிற்றுநரோடு சேர்ப்பவை நான்கு கொக்கிகள்: தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு. பத்தாயிரம் அடியில் பூமிக்கும் பயணிக்கும் நடுவில் இருப்பது அந்த நான்கு கொக்கிகள்தான். அவற்றைப் பார்ப்பது என் வேலை. கொக்கியின் நாக்கு தானாக மூடுகிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, வளைவில் கீறல் இருக்கிறதா. சந்தேகம் வந்தால் மஞ்சள் மை. மஞ்சள் மை பட்டது மறுபடி மேலே போகக்கூடாது. இரண்டாக வெட்டிப் போட வேண்டும்.

போன மாதம் பன்னிரண்டு கொக்கிகளில் ஸ்பிரிங் தளர்வு. பன்னிரண்டையும் கழித்தேன். வெட்டியாயிற்று என்று பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். பயிற்றுநர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும். கவனமில்லாத ஆளைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மேசை லாச்சியில் நான்கு கொக்கி வைத்துவிட்டு வந்தேன். நல்ல எஃகு, துருப்பிடிக்காது. வீட்டில் எதற்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுதான்.
ஜூட்சன்

*

அக்கரப்பத்தனை,
21.01.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அம்மாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு வலிக்கவில்லை. இங்கே எது அதிகம் என்று உனக்குத் தெரியும். என் இருமல் நீ கேட்ட தோரணையில் பயந்து ஓடிவிட்டது.

கடிதத்தை இனிமேல் பாடசாலை முகவரிக்கு அனுப்பு. இந்தத் தடவை தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போய், காலையில் நூறு பேருக்கு முன்னால் கங்காணி என் பெயரைக் கூவினார். "டீச்சருக்குக் கடுதாசி! ஆம்பளக் கையெழுத்து!" அம்மா "அது எம் மவன் எழுத்துய்யா" என்று சத்தம் போட்ட பிறகுதான் எல்லோரும் மலைக்குப் போனார்களாம்.

உன் கொக்கிகள் கௌரவமாக வாழ்கின்றன. முதலாவது, பக்கத்துக் காம்பரா யேசுரட்ணம் மாமாவின் மாட்டுக் கயிற்றில். "ஜூட்சன் ஆகாயத்துல இருந்து கொண்டாந்தது" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். மாடும் இப்போது நிமிர்ந்துதான் நடக்கிறது. கொக்கியில் மஞ்சள் பொட்டு வேறு இருக்கிறதா, தைப்பொங்கலுக்கு எதிர்க் காம்பராக்காரர்கள் மாட்டுக்கும் கொக்கிக்கும் சேர்த்தே குங்குமம் வைத்துவிட்டார்கள். இரண்டாவது, நம் வேதக்கோவில் மணிக்கயிற்றில். மூன்றாவது, அம்மா வேலை செய்கிற மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில். நான்காவது பத்திரமாக இருக்கிறது.

உனக்கு ஒரு புதினம். நம் தோட்டத்து மேல் டிவிசன் மலை உச்சியிலிருந்து இப்போது உல்லாசப் பயணிகள் பறக்கிறார்கள். விமானம் இல்லை. சரிவில் ஓடுகிறார்கள், காற்று பாராசூட்டைத் தூக்குகிறது. இங்கேயும் ஓட்டுபவர் பின்னால், பயணி முன்னால். ஓட்டுகிறவர்கள் மிகவும் கவனமானவர்கள்.

நீ முதல் தடவை குதித்தபோது எப்படி இருந்தது? என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கட்டாயம் எழுது.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.
ஜெபத்துடன் அக்கா,
ஜெனிதா

*

தெற்கு முகாம்,
02.02.2024

அக்கா,

சுகம். தொப்பி போடுகிறேன். மூக்கு மட்டும் உரிந்துவிட்டது.

நான்கு கொக்கிகளும் திரும்ப வேண்டும். மார்ச் 28ஆம் திகதி வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து சாமான்களைச் சரிபார்க்கப் போகிறார். அதற்கு முன் என் கையில் இருக்க வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்காதே.

இன்னொன்று. அந்தக் கொக்கிகளில் மாடு தொங்கலாம், மணி தொங்கலாம். மனிதர் தொங்கக்கூடாது. பார்த்தால் மூடியிருப்பது போலத்தான் இருக்கும். இழுத்தாலும் தாங்கும். ஆனால் பட்டி ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகும்போது, வளையம் நாக்கை உள்ளே தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். யாராவது ஊஞ்சல் கீஞ்சல் கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்.

மேல் டிவிசனில் பறப்பது பறப்பு இல்லை, சறுக்கு. ஓட்டுகிறவர்கள் கவனமானவர்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய கொக்கியைப் பார்த்தாயா? பார்த்தால் உனக்குப் புரியுமா?

அம்மாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி அனுப்பியிருக்கிறேன். மணம் பொறுக்க முடியாது. தேய்க்கச் சொல்.

ஜூட்சன்

*

அக்கரப்பத்தனை,
20.02.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

எண்ணெய் கிடைத்தது. அம்மா தேய்த்துக்கொண்டு மலைக்குப் போனாங்க. அன்றைக்கு அட்டை ஒன்றும் கிட்ட வரவில்லையாம். இப்போது அந்த நிரையில் இருக்கும் எல்லோரும் கேட்கிறார்கள், இன்னும் ஆறு போத்தல் அனுப்பு.

இத்துடன் இரண்டு கொக்கிகள். மாட்டுக் கொக்கியைக் கழற்றுவதற்குள் யேசுரட்ணம் மாமா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "குடுத்தத வாங்குற பழக்கம் நம்ம லயத்துல இல்லியேம்மா" என்று மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கோவில் கொக்கி சுலபம். உபதேசியாருக்கு மணி கொஞ்சம் சத்தமாக இருக்கிறது என்று முன்பே மனக்குறை.

தராசுக் கொக்கிதான் சிக்கல். விசயம் இதுதான்: பழைய இரும்புக் கொக்கிக்கும் பைக்கும் பாரம் என்று ஆளுக்கு ஒரு கிலோ கொழுந்து கழிப்பார்கள். உன் கொக்கி வந்த அன்றே அம்மா அதைக் கையில் தூக்கிக் காட்டி, "கணக்கப்பிள்ளை, இது எங்கய்யா ஒரு கிலோ? பாத்துட்டுச் சொல்லுங்க" என்று நின்றுவிட்டாங்க. பின்னால் முப்பது பேர். கழிவு அரைக் கிலோ ஆனது. இப்போது நான் போய்க் கொக்கியைக் கேட்டால் என்ன நடக்கும்? நடந்தது. அம்மாவோடு கொழுந்தெடுக்கிற நிஷாந்தி அக்கா தராசை மறித்துக்கொண்டு, "டீச்சர், ஒங்க தம்பிக்கு வேணும்னா எங்க பேரையெல்லாம் போட்டு நன்றி எழுதிக் குடுக்குறோம், மாலை கட்டி அனுப்புறோம். கொக்கியக் கேக்காதீங்க" என்றாங்க. பெற்ற தாயும் அந்தப் பக்கம்தான் நின்றாங்க.

நான்காவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், மணி அடித்துவிட்டது.

குதித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தேனே?

அக்கா,
ஜெனிதா

*

தெற்கு முகாம்,
25.02.2024

அக்கா,

சுகமாக இல்லை.

இரண்டு கிடைத்தன. தராசுக் கொக்கிக்கு வழி யோசிக்கிறேன். நான்காவது எங்கே? பதினொரு தடவை போன் பண்ணினேன். "கடிதத்தில் எழுது" என்று மெசேஜ் போடுகிறாய். இதுவா விளையாட்டு? மணி அடித்துவிட்டதாம். உன் பாடசாலையில் மணி அடித்தால் பாடம் தொடங்குமே தவிர, பேனாவில் மை தீராது.

எங்கே, யாரிடம், அதில் என்ன தொங்குகிறது? மூன்று பதில். மூன்று வரி போதும்.

ஜூட்சன்

*

அக்கரப்பத்தனை,
04.03.2024

பிரியமுள்ள கோபக்காரத் தம்பிக்கு,

நீ சுகமாக இல்லை என்றதும் அம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை. அது கோபம்தான், காய்ச்சல் இல்லை என்று விளக்கிய பிறகு இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டாங்க.

நான்காவது கொக்கி ஆகாயத்துக்குப் போகாது. இது உறுதி. இப்போதைக்கு இந்த ஒரு வரிதான்.

மற்ற இரண்டு வரிக்கும் முன்னால் ஒரு கணக்கு. நான் கணித டீச்சர் என்பதை நீ மறந்துவிட்டாய். ஜனவரியில் எழுதினாய்: பன்னிரண்டு கொக்கிக்கு மஞ்சள் மை, பன்னிரண்டையும் வெட்டியாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. நம் வீட்டு லாச்சியில் இருந்தவை நான்கு. நான்கிலும் மஞ்சள் பொட்டு. வெட்டிப்போட்ட கொக்கி எப்படியடா மாட்டைக் கட்டும்? உயிர்த்தெழுந்ததா? பன்னிரண்டிலிருந்து நான்கைக் கழித்தால் எத்தனை என்று என் ஏழாம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீ மறைப்பதை எழுது. நான் மறைப்பதை எழுதுகிறேன். முதலில் நீ. சின்னவன் முதலில் என்பதுதானே எப்போதும் வழக்கம்.

குதித்தால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கும் இன்னும் பதில் இல்லை. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அக்கா

*

தெற்கு முகாம்,
09.03.2024

அன்புள்ள அக்கா,

சுகம். அம்மா சாப்பிட்டாங்களா?

எட்டைத்தான் வெட்டினேன். வெட்டும் கத்தியின் தகடு தேய்ந்துபோனது. மாற்றுத் தகடு எடுக்கக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு மத்தியானம் ஊருக்கு பஸ். எனக்கு அவசரம். மிச்சம் நான்கும் பளபளவென்று கிடந்தன. நம் லயத்தில் ஒரு துண்டுக் கம்பியைக்கூட யாரும் எறிந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஆகும் என்று பையில் போட்டேன். பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வரப்போகிற அதிகாரி கையெழுத்தை மட்டும் பார்க்க மாட்டார். வெட்டின துண்டுகளை இலக்கத்தோடு எடுத்து வைக்கச் சொல்வார். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு இலக்கம் பொறித்திருக்கும். எட்டு இலக்கம் இருக்கும், நான்கு இருக்காது. என் அனுமதிப் பத்திரம் போய்விடும். போனால் போகட்டும், வேறு வேலை பார்ப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ராத்திரி நித்திரை வராதது அதற்காக இல்லை. கழித்த கொக்கியை முழுசாக வெளியே விட்டவன் நான். அது யார் தோளில் போய் ஏறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவனைக் கவனமில்லாதவன் என்று கத்துகிற வாய் இது.

இத்துடன் தராசுக்கு ஒரு கொக்கி. நானே கடைந்தது. இப்போது அங்கே தொங்குவதைவிட மூன்று கிராம் குறைவு. நிஷாந்தி அக்காவிடம் அதைச் சொல், சந்தோசமாகத் தருவாங்க.

இப்போது நீ.

ஜூட்சன்

*

அக்கரப்பத்தனை,
14.03.2024

அன்புத் தம்பிக்கு,

சாப்பிட்டாங்க. நீயும் சாப்பிடு, நித்திரை கொள்.

தராசுக் கொக்கி இத்துடன் வருகிறது. மூன்று கிராம் என்றதும் நிஷாந்தி அக்கா அதை வாங்கி, கணக்கப்பிள்ளை கண்ணுக்கு முன்னால் ஆட்டிவிட்டுத்தான் மாட்டினாங்க.

இனி நான்காவது. அது ஜீவராஜிடம் இருக்கிறது. தலவாக்கலை ஆள். முப்பத்தொரு வயது. மேல் டிவிசன் உச்சியிலிருந்து பயணிகளை முன்னால் கட்டிக்கொண்டு பறக்கிறவர். கவனமானவர்கள் என்று நான் எழுதியது இவர் ஒருவரைத்தான். போன ஆவணியில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வந்தார். அதற்குப் பிறகு காற்றைப் பற்றி எனக்கு நிறையச் சந்தேகங்கள் வந்தன. அம்மாவுக்குத் தெரியாது. நீ பறப்பவர்களைச் சறுக்குகிறவர்கள் என்று எழுதினதும் உனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

நீ லாச்சியைப் பற்றி எழுதுவதற்கு முன்பே, புது வருசத்துக்கு முதல் நாள் அதைத் திறந்தேன். கொக்கிகள் மின்னின. எல்லோரும் பேனா, சட்டை என்று கொடுக்கிறார்கள், கொக்கியோடு வாழ்கிற மனிதருக்குக் கொக்கியே கொடுப்போம் என்று ஒன்றைக் கைலேஞ்சித் துணியில் பொதிந்து கொடுத்தேன். அந்த மஞ்சள் பொட்டை நான் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். நான் அவருக்குக் கொடுத்த முதல் பொருள் அது.

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்றே போய்க் கேட்டேன். "அது ஆகாயத்துக்குப் போகாதுங்க டீச்சர். நம்புங்க" என்றார். அப்படியானால் திருப்பித் தாருங்கள் என்றேன். முகம் மாறிவிட்டது. அடுத்த கிழமை என்றார். அடுத்த கிழமையும் அடுத்த கிழமை என்றார். மனதில் ஒரு முள், தம்பி. கொக்கி நல்ல கொக்கி என்று நினைத்துத் தன் பட்டியில் மாட்டிவிட்டு, இப்போது சொல்லப் பயப்படுகிறாரோ? போன சனிக்கிழமை உச்சிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். பயணிகளின் பட்டியில் எல்லாக் கொக்கியும் ஒன்று போலத்தான் மின்னுகின்றன. நீ சொன்னது சரி. பார்த்தாலும் எனக்குப் புரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பறக்கக் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கொக்கியைக் கண்ணால் காட்டாமல் பட்டியைத் தொட விடமாட்டேன். காட்டாவிட்டால், பறப்பதும் இல்லை, எங்களுக்குள் மற்றதும் இல்லை.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது ஞாயிறு முடிந்திருக்கும். வேண்டுமென்றுதான் இப்படி அனுப்புகிறேன். முந்தியே தெரிந்தால் நீ பஸ் டிரைவரை இறக்கிவிட்டு நீயே ஓட்டிக்கொண்டு வருவாய்.

ஜெபித்துக்கொள்.
அக்கா,
ஜெனிதா

*

தெற்கு முகாம்,
18.03.2024

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குக் காலை பதினொன்றேகாலுக்குக் கிடைத்தது. போன் பண்ணினேன். "உயிரோட இருக்கேன். கடிதம் வருது" என்று ஒரு மெசேஜ். நாலு சொல்! உன்னை என்ன செய்தால் தகும்?

அந்த ஆளிடம் சொல். கொக்கியின் இலக்கம் 0417. கொக்கியை மாட்டிக்கொண்டு பறந்திருந்தால் நான் வந்து பாராசூட்டோடு சேர்த்து அவரைத் தராசில் தொங்கவிடுவேன்.

வேலையில் இன்று ஒரே பட்டியை ஐந்து தடவை பார்த்தேன். மிலான், எங்கள் பட்டறைத் தலைவர், "வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?" என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். தலையில்.

நீ சுகம் என்று உன் கையெழுத்தில் எழுது.

ஜூட்சன்

*

அக்கரப்பத்தனை,
19.03.2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். என் கையெழுத்தில்: நான் சுகம், சுகம், சுகம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து உச்சிக்குப் போனேன். நல்ல வெயில், மேற்கிலிருந்து காற்று. ஜீவராஜ் பட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கொக்கி எங்கங்க?"

"டீச்சர், பறந்துட்டு வந்து..."

"இப்பவே காட்டுங்க. இல்லாட்டி நான் இப்படியே எறங்கிப் போயிருவேன். பொறகு இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் போய்த் தன் பையைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு கைலேஞ்சிப் பொதியை எடுத்தார். நான் கொடுத்த அதே கைலேஞ்சி. விரித்தால் உள்ளே இரண்டு துண்டு. உன் கொக்கி, தம்பி. நடுவில் நேராக வெட்டியிருந்தது.

"மஞ்ச மை போட்ட கொக்கிங்க, எங்க தொழில்ல கழிச்சதுன்னு அர்த்தம்" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "நீங்க குடுத்துட்டுப் போன அன்னிக்கி பின்னேரமே வெட்டிட்டேன். முழுசா வச்சிருந்தா நான் இல்லாத நேரம் எவனாச்சும் எடுத்து மாட்டிருவான். ஆனா நீங்க மொத மொதல்ல ஆசையாக் குடுத்தது. அத வெட்டிட்டேன்னு எப்படிங்க ஒங்ககிட்ட சொல்றது? ஒட்டிப் பாக்கலாமான்னுகூட நெனச்சேன். ஒட்டுனா மறுபடியும் கொக்கியாயிருமே."

நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதே. இரண்டரை மாதம் அந்தத் துண்டுகளைப் பையில் சுமந்திருக்கிறார்.

பிறகு பறந்தேன். தோளில், இடுப்பில் என்று ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஓடினோம். நாலாவது எட்டில் கால் தரையைத் தேடியது, தரை இல்லை. கீழே நம் லயத்துத் தகரம், கோவில், தேயிலை ஸ்டோர் எல்லாம் பிள்ளைகளின் கணக்குப் பெட்டிக்குள் வைத்த சாமான் மாதிரி. அம்மாவின் மலைக்கு மேலே வரும்போதுதான் என் இடது செருப்பு கழன்றது.

விளைச்சல் கூடின கிழமை என்று ஞாயிறாக இருந்தும் அன்றைக்கு வேலைக்குப் பெயர் போட்டிருந்தார்கள். செருப்பு நேராகப் போய் நிஷாந்தி அக்காவின் கொழுந்துப் பைக்குள் விழுந்தது. அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணாந்து, ஊரே கேட்கக் கத்தினாங்க: "அடியே ஜெனிதா! எறங்கு! யாருடி பின்னால?"

ஆகவே அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஒற்றைச் செருப்பை வாசலில் தொங்கவிட்டிருக்கிறாங்க. உன் பதிலுக்குக் காத்திருப்பதாகக் கேள்வி.

துண்டுகளை அதே கைலேஞ்சியில் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். அவர் எழுதியதும் உள்ளே இருக்கிறது.

அக்கா

(உள்ளே, பாடசாலைக் கொப்பித் தாளில்)

மதிப்புக்குரிய ஜூட்சன் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். 0417 இலக்கக் கொக்கியின் இரண்டு துண்டுகளும் இத்துடன். இலக்கம் அழியாதபடி அதற்குக் கீழே வெட்டியிருக்கிறேன். டீச்சர் தந்ததை வெட்டியதற்கு டீச்சர் மன்னித்துவிட்டார்கள். உங்களுடைய கொக்கியை உங்களைக் கேட்காமல் வெட்டியதற்கு நீங்களும் மன்னிக்க வேண்டும். மறுபடி ஒரு கொக்கி அப்படி வந்தாலும் வெட்டத்தான் செய்வேன்.

இப்படிக்கு,
ச. ஜீவராஜ்

*

தெற்கு முகாம்,
30.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மா, நீ, மாடு, எல்லோரும் சுகமா?

துண்டுகள் 23ஆம் திகதி வந்தன. பட்டறையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நேரான வெட்டு. பிசிறை அரத்தால் தேய்த்துமிருக்கிறார். நான் வெட்டிய எட்டில் மூன்றுக்கு இலக்கத்தின் மேலேயே வெட்டி வைத்திருந்தேன், அதையும் அப்போதுதான் கவனித்தேன்.

மற்ற மூன்றையும் அன்றைக்கே வெட்டினேன். பன்னிரண்டும் சேர்ந்துவிட்டது. அதிகாரி வந்து பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கைலேஞ்சியைப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அதிகாரி வருவதற்கு முதல் நாள் மிலானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடு, மணி, தராசு, உன் ஆள். மிலான் மாடு வரைக்கும் கோபமாகத்தான் இருந்தார். தராசில் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அதிகாரியிடமும் என்னையே சொல்ல வைத்தார். தண்டனை: இரண்டு மாதம் நான் கையெழுத்துப் போடக்கூடாது. பாராசூட் மடிக்கிறேன், கொட்டகை கூட்டுகிறேன். பத்திரம் போகவில்லை. இனிமேல் கழித்த கொக்கியை இரண்டு பேர் நின்று வெட்டி, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். புது விதி. அதற்கு என் பெயரை வைக்கலாமா என்று பயிற்றுநர்கள் கேட்கிறார்கள். முறைக்கிறேன்.

அம்மாவிடம் என் பதில் இது. நான் வெட்டாமல் விட்டதை வெட்டினவர். அதுவும் ஆசைப்பட்டவள் கொடுத்ததை. இதற்கு மேல் ஒரு ஆளிடம் என்ன சோதனை பண்ணிப் பார்க்க? வீட்டுக்கு வந்து பேசச் சொல். செருப்பை வாசலிலிருந்து எடுத்துவிடச் சொல். நிஷாந்தி அக்காவுக்கு ஆறு போத்தல் எண்ணெய் தனிப் பார்சலில் வருகிறது.

நீ மூன்று தடவை கேட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். குதித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் குதித்ததில்லை. இங்கே வந்து இரண்டு வருசம். வேலை செய்கிறவர்களுக்கு இலவசம். ஒவ்வொரு தடவையும் வயிற்று வலி, தலைவலி என்று ஏதாவது சொல்லிவிடுவேன். கொக்கியை நான் பார்த்து அனுப்பலாம். வேறு ஒருவர் பார்த்த கொக்கியில் நான் தொங்க வேண்டும் என்றால் கால் நகராது. இதை யாருக்கும் சொன்னதில்லை. ஏழாம் வகுப்புக்கும் சொல்லாதே.

மே மாதக் கடைசியில் லீவு. உன் ஜீவராஜுக்குச் சொல்: பின்னால் அவர், முன்னால் நான். கொக்கியை அவரே மாட்டட்டும், அவரே இழுத்துப் பார்க்கட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அன்றைக்கு அம்மாவுக்கு எந்த மலையில் வேலை என்று மட்டும் முந்தியே எழுது. சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

உன் தம்பி,
ஜூட்சன்